மயில்துத்த தண்ணில ஸ்பிரிட் ஊத்தினா அடியில படியுற தூள் என்னது?

காட்பாடில உரக்கடைல வாங்கின மயில்துத்தத்தை தண்ணில கரைச்சு, அதுல சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊத்தினதும் வெளிர்நீலமா தூள் படிஞ்சிடுச்சு, புது கெமிக்கல் வந்துடுச்சான்னு கேட்டிருக்கீங்க. அதெல்லாம் இல்லைங்க, அதே மயில்துத்தம்தான், அதாவது காப்பர் சல்பேட். அது தண்ணில நல்லா கரையும், ஸ்பிரிட்ல இருக்கிற எத்தில் ஆல்கஹால்ல கரையவே கரையாது, நீங்க ஸ்பிரிட் ஊத்தினதும் தண்ணி அதோட போய் சேந்துக்குது, துத்தத்துக்கு இடமில்லாம வெளிய வந்துடுது, அதுவும் சட்டுனு வர்றதால பெரிய கட்டியா வளர நேரமில்ல, பொடிப்பொடியா விழுது, அதனாலதான் கலரும் வெளிறி தெரியுது. பெரிய படிகம் வேணும்னா ஸ்பிரிட்டே வேணாம், டம்ளரை மூடாம அசைக்காம விடுங்க, வேலூர் வெயிலுக்கு தண்ணி தானா வத்தி கட்டி கட்டும்.

இன்னொண்ணு இதைவிட ஜோரா இருக்கும். துத்தத்தோட எடைல சுமார் 36 சதவீதம் தண்ணிதான், பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டில நிதானமா சூடு பண்ணா நீலம் போய் சாம்பல் வெள்ளையாயிடும். ஆறினப்புறம் அதுல ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு பாருங்க, ஸ்பிரிட்ல தண்ணி கலந்திருந்தா மறுபடி நீலமாகும். கடை ஸ்பிரிட்ல தண்ணி இல்லாம இருக்காது, அதனால நீலம் வரும்தான்.

ரொம்ப காய்ச்சாதீங்க, மூச்சடைக்கிற புகை வரும். ஸ்பிரிட் பாட்டிலை அடுப்பு இருக்கிற ரூம்லயே வெக்காதீங்க, அலுமினிய, இரும்பு பாத்திரம் வேணாம், துத்தம் அதை அரிச்சிடும். சமைக்கிற கரண்டியும் வேணாம், இது விஷம். மீந்த தண்ணிய ஏரி, கிணத்துப்பக்கம் ஊத்தினா மீன் செத்துடும்.