ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: ஏழு வருடம் ஓடிய எஸ்யூவி, எச்4 ஹாலஜன் பல்ப். இரவில் அடிக்கடி திண்டுக்கல்லிலிருந்து குமுளி போகிறேன். லோ பீமில் ரோடே சரியாகத் தெரிவதில்லை. ஆனால் எதிரே வருகிறவர்கள், கண் கூசுகிறது என்று லைட் அடித்துக் காட்டுகிறார்கள். 100/90 வாட் பல்ப் (ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90) போடலாமா, எல்இடி போடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்களுக்கு ரோடு தெரியவில்லை, எதிரே வருகிறவருக்குக் கண் கூசுகிறது என்றால் வெளிச்சம் இருக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு விளக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும், இன்னொன்று பம்பருக்கு முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால், யாரோ பல்ப் மாற்றும்போது ஹோல்டரில் சரியாக உட்கார வைக்காமல் கிளிப்பை மாட்டியிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள்.

அப்புறம் சுவர். டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒரு ஆள், டேஷ்போர்டில் இருக்கும் லெவலிங் திருகு (ஹெட்லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்குவது) 0-வில். சமதளத்தில், சுவருக்கும் ஹெட்லைட்டுக்கும் 5 மீட்டர் இடைவெளி விட்டு வண்டியை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே 5 முதல் 7 செ.மீ. இருக்க வேண்டும். இடது பக்கம் அது கொஞ்சம் ஏறித்தான் தெரியும். ரோட்டோரத்தைக் காட்டுவதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், அதைக் குறையாக நினைக்காதீர்கள். பல வண்டிகளில் ஹெட்லைட் அருகே 1.2% மாதிரி ஒரு எண் அச்சிட்டிருக்கும். 5 மீட்டரில் அது 6 செ.மீ.

இந்தச் சில சென்டிமீட்டர் என்ன செய்யும்? பல்ப் 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், 6 செ.மீ. இறக்கத்தில் வெளிச்சத்தின் விளிம்பு சுமார் 67 மீட்டர் வரை போகும். 15 செ.மீ. இறங்கியிருந்தால் 27 மீட்டரோடு சரி. 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எந்த வாட் பல்பும் இதைச் சரிசெய்யாது. விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகுகளால் ஏற்றி இறக்கலாம். ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதை அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பிறகு மங்கலாக இருந்தால் லென்ஸைப் பாருங்கள். ஏழு வருட வெயிலில் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, மேலே யூவி கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள். (பற்பசை வைத்தியம் கொஞ்ச நாள் பளபளப்புக்குத்தான்.) அடுத்தது வயரிங். லைட் எரியும்போது, என்ஜின் ஓட்டத்தில், பல்ப் சாக்கெட்டில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 14 இருந்து சாக்கெட்டில் 12.6-தான் வருகிறது என்றால், வோல்டேஜில் குறைவது 10 சதவீதம்தான், ஆனால் ஹாலஜனில் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் தனி ரிலே வைத்த வயரிங் போட்டால், அதே 60/55 பல்ப் புதிதாகத் தெரியும்.

100/90 பல்ப் நம் ரோட்டுக்கு அனுமதி இல்லாதது. சூட்டில் ஹோல்டரும் ரிஃப்ளெக்டரும் கெடும். எல்இடி விஷயம் வேறு. உங்கள் ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழையின் இடத்தையும் அளவையும் கணக்கிட்டுச் செய்தது. அந்த இடத்தில் எல்இடி சிப் வந்தால் விளிம்பு கலைந்து, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பம்பருக்கு முன்னால் மட்டும் வெள்ளையாகப் பளீரென்று இருப்பதால் நமக்குத் திருப்தி, தூரத்தில் இன்னும் இருட்டு.

குடும்பத்தோடு, டிக்கி நிறைய மூட்டையோடு கிளம்பினால் வண்டியின் மூக்கு தூக்கும். லெவலிங் திருகை 2-லோ 3-லோ வையுங்கள். அந்தத் திருகு எதற்கென்றே தெரியாமல் வண்டியை விற்றவர்கள் உண்டு. எதிரே யாரும் இல்லாத நீண்ட ரோட்டில் தயங்காமல் ஹை பீம் போடுங்கள், வண்டி தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். குமுளி மலையேறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஹெட்லைட் நேரேதான் பார்க்கும், அங்கே ஃபாக் லேம்ப் பக்கவாட்டைக் காட்டும். மேலே ஏறியதும் அணைத்துவிடுங்கள்.