துப்பாக்கி மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருப்பது .270 வின்செஸ்டர் ரைஃபிள். மான் வேட்டைக்கு 130 கிரெய்ன் எடைக் குண்டு வைத்துச் சொந்தமாகத் தோட்டா நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். கடை அலமாரி முழுக்க வெடிமருந்து டப்பாக்கள். குண்டை அதிக வேகத்தில் தள்ளும் மருந்தைப் பார்த்து வாங்கிவிடலாமா?

பதில்: வேகத்தைக் கடைசியில் பாருங்கள். தோட்டா நிரப்பும் கையேட்டின் வேகப் பட்டியலில் முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் பெரும்பாலும் நொடிக்கு ஐம்பது, அறுபது அடிதான் வித்தியாசம். அந்த அறுபது அடியால் தப்பிய மானையும் நான் பார்த்ததில்லை, விழுந்த மானையும் பார்த்ததில்லை.

முதலில் பார்க்க வேண்டியது எரிவேகம். பெரிய கேஸ் (மருந்து நிரப்பும் பித்தளைக் கூடு), அதன் முனையில் சிறிய துளை, கனமான குண்டு என்றால் மெதுவாக எரியும் மருந்து வேண்டும். சருகைப் போட்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும், கட்டை நின்று எரியும், குழலுக்குள்ளும் அப்படித்தான். வேகமான மருந்து குண்டு நகர்வதற்குள் அழுத்தத்தை உச்சிக்கு ஏற்றிவிடும். மெதுவான மருந்து குண்டு ஓட ஓடப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகும். உங்கள் .270, .30-06 தோட்டாக் குடும்பத்தின் கேஸைக் கழுத்தில் சுருக்கிச் செய்தது. 1925-இல் வந்தது. அதற்குப் பொருத்தம் 4350, 4831 என்ற எண்களைச் சுற்றி இருக்கும் மருந்துகள். .308 ரைஃபிளுக்கு அதைவிட வேகமான வார்கெட், 4895, 4064 என்ற மருந்துகள். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்ற பெரிய வயிற்றுக்காரர்களுக்கு இன்னும் மெதுவானவை.

4831-க்கு ஒரு கதை உண்டு. அது 20 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்குப் போட்ட மருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிப் போனதை அமெரிக்காவில் புரூஸ் ஹாட்ஜன் என்பவர் மொத்தமாக வாங்கி, வேட்டைக்காரர்களுக்கு மலிவாக விற்றார். சாதாரண ரைஃபிளுக்கு இவ்வளவு மந்தமான மருந்து எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். .270-இல் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. இன்றும் அந்த ஜோடி பிரியவில்லை.

அடுத்து, கேஸ் எவ்வளவு நிரம்புகிறது என்று பாருங்கள். குண்டின் அடிப்பாகம் வரை, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே வரை மருந்து நிற்பது எனக்குப் பிடிக்கும். பாதி காலியாக இருந்தால், துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடிக்கும்போதும் சரிவில் கீழ்நோக்கிப் பிடிக்கும்போதும் மருந்து இடம் மாறும், பற்றுவதும் மாறும். இன்னொரு லாபமும் இருக்கிறது: கேஸ் நிரம்பும் மருந்தைக் கவனப் பிசகாக இரண்டு முறை ஊற்றினால் வழிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது வெப்பம். பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. கோடையில் குறி சரிபார்த்துவிட்டுக் குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகிறவருக்குச் சில மருந்துகளில் வேகம் குறைந்து குண்டு சற்றுத் தாழ விழும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குளிரில் உச்ச அளவு வரை ஏற்றிய தோட்டாவை, வெயிலில் கிடந்து கொதித்த வண்டியிலிருந்து எடுத்துச் சுட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். போல்ட் (ரைஃபிளின் பின்புறத் தாழ்) தூக்க வராமல் இறுகும், பிரைமர் (கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) சப்பையாகும். .270-க்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. அதற்கு மேல் விளையாட இடமில்லை. ஹாட்ஜன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசை வெப்பத்துக்கு அதிகம் அசையாதபடி செய்தது. எச் 4350, எச் 4831, வார்கெட் எல்லாம் அதில் அடக்கம். என்னைக் கேட்டால், உங்கள் ரைஃபிளுக்கு எச் 4831-இல் தொடங்குவேன்.

கேள்வி: எச் 4831 கிடைக்கவில்லை. ஐஎம்ஆர் 4831 இருக்கிறது என்கிறார் கடைக்காரர். எண் ஒன்றுதானே?

பதில்: எண் ஒன்று, மருந்து வேறு. எச் என்பது ஹாட்ஜன், ஐஎம்ஆர் என்பது வேறு பெயரில் வரும் வரிசை. ஐஎம்ஆர் 4831 வேகமாக எரியும். எச் 4831-க்கு அச்சிட்ட உச்ச அளவை அதில் போட்டால் ஆபத்து. 4350, 4895 இரண்டிலும் இதே கதைதான். எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். விதிவிலக்கு ஒன்று: எச் 4831 எஸ்சி என்பது அதே மருந்தைக் குட்டையாக வெட்டியது. அதற்கு அதே அட்டவணை பொருந்தும், மெஷரில் (மருந்தை அளந்து ஊற்றும் கருவி) இன்னும் சுலபமாக இறங்கும்.

கேள்வி: உருண்டை மருந்து நல்லதா, குச்சி மருந்து நல்லதா?

பதில்: உருண்டை மருந்து தண்ணீர் போல இறங்கும். 1930-களில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனியில் ஃபிரெட் ஓல்சன் கண்ட முறை அது. மேற்பூச்சு கனம் என்பதால் குளிரில் பற்றவைப்பது கொஞ்சம் கடினம்; கையேடு பலமாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமர் கேட்டால் அதையே போடுங்கள். நீளக் குச்சி மருந்து மெஷரின் விளிம்பில் சிக்கி நறுக்கென்று வெட்டுப்படும், அளவும் அரை கிரெய்ன் அப்படி இப்படி ஆகும். வேட்டைக்கான தோட்டாவை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துப் போடுகிறவன் நான். அதனால் இந்தத் தொல்லை என்னைத் தொடுவதில்லை. பயிற்சிக்கு நூற்றுக்கணக்கில் நிரப்புகிறவருக்கு உருண்டைதான் நிம்மதி.

கேள்வி: என் மகளுக்கு .308-இன் உதை தாங்கவில்லை. மெதுவான மருந்தைப் பாதி அளவு போட்டுக் கொடுக்கட்டுமா?

பதில்: கூடாது. மெதுவான மருந்தைப் பெரிய கேஸில் குறைத்துப் போட்டால் பற்றுவது தாமதமாகலாம், அழுத்தம் சொல்லாமல் கொள்ளாமல் எகிறவும் செய்யலாம். துப்பாக்கிகள் உடைந்திருக்கின்றன. குறைந்த லோடுக்கு (குறைத்த மருந்தளவுக்கு) என்று ஹாட்ஜன் நிறுவனமே அட்டவணை தரும் மருந்து எச் 4895. அதையும் எடை குறைந்த குண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் சொன்ன கீழ் எல்லைக்கும் கீழே போகாதீர்கள். மகளுக்கு என் வாழ்த்துகள்.

கேள்வி: நீங்கள் எத்தனை கிரெய்ன் போடுகிறீர்கள்? எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: எழுத மாட்டேன். என் அளவு என் ரைஃபிளுக்கு, என் கேஸுக்கு, என் மருந்து லாட்டுக்கு (ஒரே தடவையில் தயாரான தொகுதி). உங்கள் குண்டைச் செய்தவரும் மருந்தைச் செய்தவரும் வெளியிட்ட அட்டவணையில் தொடக்க அளவு இருக்கும். அங்கே தொடங்கி அரை அரை கிரெய்னாக ஏறுங்கள், போல்ட்டையும் பிரைமரையும் பார்த்துக்கொண்டே. குறி கூடிவரும் இடத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் அது உச்சத்துக்கு முன்பே வந்துவிடும்.

கேள்வி: பாதி தீர்ந்த இரண்டு டப்பா, ஒரே மருந்துதான், லாட் எண் மட்டும் வேறு. புது லாட்டுக்குப் பழைய அளவே போதுமா?

பதில்: அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லாட்டுக்கு லாட் சிறிது மாறும். உச்சத்துக்கு அருகில் இருப்பவர் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறி வர வேண்டும். பவுண்டுக்கு 7000 கிரெய்ன்; .270-இல் ஒரு பவுண்டு ஏறத்தாழ நூற்றிருபது தோட்டாவுக்குத்தான் வரும். அதனால் பிடித்த மருந்து கிடைத்தால் 8 பவுண்டு டப்பாவாக ஒரே லாட்டில் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். மேசை மேல் எப்போதும் ஒரே டப்பா. வேலை முடிந்ததும் மெஷரில் மிச்சமிருப்பது அதே டப்பாவுக்குள் போக வேண்டும்.

கேள்வி: தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய டப்பா ஒன்று. பயன்படுமா?

பதில்: மூடியைத் திறந்து வாசம் பாருங்கள். நல்ல மருந்தில் ஈதர், சாராயம் போன்ற வாசம் லேசாக வரும். கெட்டது மூக்கைக் குத்தும் அமில நெடி அடிக்கும், செந்நிறத் தூள் படியும், மூடியின் உட்பக்கம் துருப்பிடித்திருக்கும். மருந்து சிதையாமல் காக்கச் சேர்த்த டைஃபினைலமின் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சுடாதீர்கள், வீட்டிலும் வைக்காதீர்கள். டப்பாவின் மேல் சீட்டு உரிந்திருந்தால், வாசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது. அதையும் தள்ளிவிடுங்கள்.

நல்ல மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், மர அலமாரியில் வையுங்கள். இறுக மூடிய இரும்புப் பெட்டி வேண்டாம். திறந்த வெளியில் இது எரியும், அடைபட்டால் வெடிக்கும்.

கேள்வி: கருமருந்தைக் குழலின் வாய் வழியாக நிரப்பும் துப்பாக்கியில், ரைஃபிள் தோட்டாவுக்குப் போடும் புகையில்லா மருந்து கொஞ்சமாகப் போடலாமா?

பதில்: கொஞ்சமாகவும் கூடாது. அதற்கென்றே கட்டப்பட்ட ஓரிரு நவீன மாடல்கள் தவிர, வேறு எதிலும் கூடாது.

கேள்வி: என் ரைஃபிள் குழல் 20 அங்குலம்தான். குட்டைக் குழலுக்கு வேகமாக எரியும் மருந்துதானே சரி?

பதில்: கேட்க நியாயமாக இருக்கும், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒத்துக்கொள்ளாது. 24 அங்குலத்தில் அதிக வேகம் தந்த மருந்துதான் பெரும்பாலும் 20 அங்குலத்திலும் முன்னால் நிற்கும். குட்டைக் குழலில் எல்லா மருந்துக்குமே வேகம் குறையும். கூடுவது குழல் வாயில் வரும் தீயும் சத்தமும்தான். மருந்தை மாற்றாதீர்கள், காதுக்கு நல்ல உறை வாங்குங்கள்.