போட் மெயில் கடலைக் கடந்ததா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாம்பன் பாலம் பற்றிய குறிப்பில் 'போட் மெயில்' என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் அந்த வண்டியைப் பற்றி விதவிதமாகச் சொல்வார்கள். எழும்பூரில் ஏறி உட்கார்ந்தால் கொழும்பில்தான் இறங்க வேண்டும், பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது ஒன்று. 1964 தனுஷ்கோடிப் புயலில் கடலுக்குள் போனது போட் மெயில்தான் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையா? கப்பலே இல்லாத இந்தக் காலத்திலும் ராமேஸ்வரம் வண்டியை ஏன் போட் மெயில் என்கிறார்கள்? கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

ச.கு., காரைக்குடி

அன்புள்ள ச.கு.,

இரண்டும் உண்மையில்லை. ஆனால் சும்மா கிளம்பிய கதைகளும் இல்லை. போட் மெயில் என்பது கொழும்பு போகிறவர்களைச் சென்னையிலிருந்து தனுஷ்கோடிக் கப்பல்துறைவரை கொண்டுபோன ரயில்.

முதல் கதைக்குக் காரணம் டிக்கெட். எழும்பூரில் கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். ரயில், கப்பல், மறுபடி ரயில் மூன்றுக்கும் அது செல்லும். டிக்கெட்தான் ஒன்று, வண்டி மூன்று. தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, மூட்டை முடிச்சோடு ஸ்டீமரில் ஏற வேண்டும். தலைமன்னாரில் இறங்கி அங்கே காத்திருக்கும் இலங்கை ரயிலைப் பிடிக்க வேண்டும். பெட்டியைக் கப்பலில் ஏற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இந்தப் பக்கம் தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். இலங்கைப் பாதை அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர். நம் பெட்டியைத் தலைமன்னாரில் இறக்கி வைத்திருந்தால் நிற்கக்கூடத் தண்டவாளம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி வழிக்கு முன்னால் தூத்துக்குடி வழி இருந்தது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபிறகு சென்னையிலிருந்து அங்கே போய், கப்பலேறிக் கொழும்பில் இறங்கினார்கள். அதில் கடல் பயணம் நீளம், ஓர் இரவு முழுக்கக் கப்பல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர்தான். கப்பல் பொழுதைச் சில மணி நேரமாகச் சுருக்குவதற்காகவே பாம்பன் வழி போடப்பட்டது. ராமர் பாலத் திட்டுகளின் மேல் தலைமன்னார்வரை ரயில் பாதையே போட்டுவிடலாம் என்றும் யோசித்தார்கள். செலவைப் பார்த்துவிட்டு, பாம்பன்வரை பாலம், அதற்கப்பால் கப்பல் என்று முடித்துக்கொண்டார்கள்.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன் நடுவில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியான ஷெர்சர் தூக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், அதுதான் இந்தப் பாதையின் கழுத்து. சாதாரணத் தூக்குப் பாலம் கதவு மாதிரி கீலில் திரும்பும். ஷெர்சரில் கீல் கிடையாது. திறந்து மூடும் இரண்டு பாதிகளை இலைகள் என்பார்கள், அவற்றின் அடிப்பாகம் சாய்ந்தாடும் நாற்காலியின் கால்போல வளைந்திருக்கும். அந்த வளைவு ஒரு தடத்தின்மேல் பின்னோக்கி உருள, முனை மேலெழும். பின்பக்கம் எதிர் எடை தொங்கும். எடை சமனாக இருக்கும்வரை மோட்டாரே வேண்டாம், ஆட்கள் கையால் சுற்றியே திறந்துவிடலாம். அப்படித்தான் திறந்தார்கள், நூறு வருஷத்துக்கும் மேலாக. சமன் கெட்டால்தான் சிக்கல். இலையின்மேல் கனமான தண்டவாளம் போட்டாலும் எதிர் எடையைத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று வேறு இரும்பை ஓயாமல் தின்றுகொண்டிருக்கும். அந்தப் பாலத்தில் பெயின்ட் அடிப்பது அழகுக்காக இல்லை.

அடுத்து நான் சொல்லப்போவதைப் பலர் நம்புவதில்லை. தன் நல்ல காலத்தில் போட் மெயில் ராமேஸ்வரத்துக்குப் போனதே இல்லை. பாலத்தைத் தாண்டியதும் பாம்பன் ஜங்ஷனில் பாதை பிரியும். ஒரு கிளை கிழக்கே ஆறேகால் மைல் போய் ராமேஸ்வரத்தில் முடியும். இன்னொன்று 15 மைல் தென்கிழக்கே மணலில் ஓடி தனுஷ்கோடியில் முடியும். போட் மெயில் போனது இரண்டாவதில். கோயிலுக்குப் போகிறவர்கள் பாம்பனில் வண்டி மாற வேண்டும். இன்று கோயிலுக்குப் போகிற வண்டிக்குப் போட் மெயில் என்று பெயர் இருப்பதன் வேடிக்கை இதுதான்.

உங்கள் ஊரும் ஆரம்பத்தில் அதன் வழியில் இல்லை. 1914-இல் வண்டி விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், மதுரை, மானாமதுரை என்று சுற்றித்தான் வந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு நேர்பாதை வந்தது 1930 வாக்கில். செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கொழும்பு செட்டியார் தெரு பக்கத்து ஊர்போல ஆனதில் அந்தப் பாதைக்குப் பெரிய பங்கு உண்டு.

நேரக் கணக்கு இப்படி. எழும்பூரில் மாலையில் கிளம்பினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. பொழுது சாயும்போது கப்பல், இரவு தலைமன்னார் ரயில். மன்னார், மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, பொல்காவலை தாண்டி மூன்றாம் நாள் காலை கொழும்பு கோட்டை. மலைநாட்டுக்குப் போகிறவர்கள் பொல்காவலையில் மாற வேண்டும்.

அந்த மலைநாட்டுக்காரர்களைச் சொல்லாமல் போட் மெயில் வரலாறு எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வெள்ளைத் துணி விரித்த முதல் வகுப்பு, துரைமார், கப்பலில் தேநீர் என்று எழுதுவார்கள். இந்தப் பாதையைத் தாங்கியது தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூட்டம். அவர்களில் பலர் கையில் காகித டிக்கெட் கிடையாது, தகர டிக்கெட்தான். சிறிய உலோக வில்லை. எந்தத் தோட்டம் என்று காட்டும் எழுத்தும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். கங்காணி திரட்டிக்கொண்டு வந்த ஆட்களிடம் அதைக் கொடுத்துவிடுவார்கள். வில்லையைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக்கொள்வார்கள், செலவு அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் போய் ஏறும். ஆள் வழி தெரியாமல் போக வாய்ப்பில்லை, விலாசம் உடம்போடு வருகிறது. இவர்கள் தனுஷ்கோடிக்கு நேரே போக முடியாது. மண்டபத்தில் இறக்கி, இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் வைத்து, காலரா, அம்மை இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். இந்தியத் தரையில் இன்னொரு அரசாங்கத்தின் முகாம்! 1939-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் இலங்கை போவதைத் தடை செய்தபிறகுதான் அந்தப் போக்கு நின்றது.

வண்டியின் பெயர் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது வேறொரு காரணத்துக்கு. 1952 ஆகஸ்டில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கிடந்த டிரங்குப் பெட்டி நாற்றமடிக்க, மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். ஆளவந்தார் கொலை வழக்கு. அதை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும், விடுகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோனது 653 எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். ஆறு பெட்டி. பாம்பனில் 11.55-க்குக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விளக்கு இல்லை. ஓட்டுநர் சற்று நேரம் நிறுத்திப் பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்து வண்டியை மெல்ல நகர்த்தினார். அப்போதுதான் அலை வந்தது. பயணிகள் 110, ஊழியர் 5, மொத்தம் 115 என்று கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் கூடும் என்பார்கள். போட் மெயில் பிற்பகலில் வந்து சேர்கிற வண்டி, நள்ளிரவில் அந்தத் தடத்தில் அதற்கு வேலையே இல்லை. தனுஷ்கோடி என்றால் போட் மெயில் என்று மனதில் பதிந்திருந்ததால் கதையில் பெயர் மாறிவிட்டது.

பாம்பன் பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்கள் 145-இல் 126 கடலில் விழுந்தன. ஷெர்சர் தூக்கு மட்டும் அசையவில்லை. சரிசெய்ய ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம், பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். பொறுப்பு அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. புதுக் கர்டர் செய்து தொலைவிலிருந்து கொண்டுவருவதென்றால் எந்தக் கெடுவும் போதாது. விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் சொல்ல, அவற்றையே தூக்கி எடுத்துத் தூண்களில் திரும்ப வைப்பது என்று முடிவானது. ஒன்றைத் தூக்கி வைக்கப் பழகிவிட்டால் அடுத்தடுத்தது வேகமாக நடக்கும். 46 நாளில் வேலை முடிந்தது.

ஆனால் தனுஷ்கோடிக் கிளையை மறுபடி போடவில்லை. படகுத்துறையும் போய்விட்டது. புயலுக்கு இரண்டு மாதத்துக்குள் முன்னால், அக்டோபர் 30 அன்று, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர்கள் வர வேண்டிய துறையே இல்லை! பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. போட் மெயிலும் ராமேஸ்வரத்தில் நிற்க ஆரம்பித்தது. தகர டிக்கெட்டோடு போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபம் முகாமுக்கு எதிர்த்திசையில் வந்து இறங்கினார்கள். ஆகவே 'புயல் போட் மெயிலை முடித்தது' என்பதும் சரியில்லை. புயல் துறையைத்தான் மாற்றியது. கப்பல் நின்றது 1984-இல், போரினால். பின்னாளில் மண்டபம் முகாமுக்கு அகதிகளாக வந்தவர்கள் வேறொரு கதை.

இப்போது பெயர். 'மெயில்' என்றால் தபால். படகுக்குத் தபாலையும் ஆளையும் கொண்டு சேர்க்கிற வண்டி, அவ்வளவுதான் பொருள். காகிதத்தில் நெடுங்காலம் 'இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ்' என்றுதான் இருந்தது, போட் மெயில் என்பது ஜனங்கள் வாயில் இருந்தது. இன்று சென்னைக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஓடும் வண்டி அந்தப் பெயரைச் சுமக்கிறது. மாயவரம், தஞ்சாவூர் வழிதான், 1914-இல் போன பழைய மெயின் லைன். திருச்சிக்குப் பிறகு மட்டும் மதுரைக்குப் போகாமல் உங்கள் ஊர் வழியாக மானாமதுரை போகிறது.

பாம்பன் பாதை அகலப் பாதையானது 2007 ஆகஸ்டில். அதாவது இலங்கையின் அதே 1,676 மில்லிமீட்டர். கேஜ் ஒத்துப்போனபோது கப்பல் நின்று இருபது வருஷத்துக்கும் மேலாகியிருந்தது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் இலை இல்லை. 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று மின்தூக்கிபோல நேர்மேலே 17 மீட்டர் எழும், மின்சாரத்தில்.

எதிர்க்கரையில், போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் துறைவரை ரயில் வந்துவிட்டது. இந்தப் பக்கம் ராமேஸ்வரம்–தனுஷ்கோடிப் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள், தமிழக அரசு வேண்டாம் என்றதால் அது அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் தனுஷ்கோடி போனால், இடிந்த ஸ்டேஷன் சுவர்களைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். பாதை போன திசையில் கிழக்கே பாருங்கள், கப்பலேறிய இடம் அந்தப் பக்கம்தான்.