மேல்நிலைப் பள்ளியில் மின்பணியாளர் தொழிற்பயிற்சி என்றால் என்ன?

மொழி, கணிதம் போன்ற வழக்கமான பாடங்களோடு வயரிங், சுவிட்ச் பலகை அமைத்தல், எர்த்திங் (கசியும் மின்சாரம் நிலத்துக்குள் போக வழி செய்தல்), பழுது கண்டறிதல் ஆகியவற்றையும் பட்டறையில் கைப்படச் செய்து பழக வைக்கும் பள்ளிக் கல்வியே மின்பணியாளர் தொழிற்பயிற்சி ஆகும்.

வகுப்பறையும் பட்டறையும் சேர்ந்தே இருக்க வேண்டியதற்குக் காரணம், மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் 2 மடங்கானால் அதில் எழும் வெப்பம் 4 மடங்காகும். இந்தக் கணக்கை அறியாதவர் மெல்லிய கம்பியில் பெரிய ஹீட்டரை இணைத்துவிட்டு, அது வேலை செய்கிறதே என்று நிம்மதியாக இருக்கையில், சுவருக்குள் கம்பியின் உறை உருகிக்கொண்டிருக்கலாம். கணக்கு மட்டும் தெரிந்தவரோ திருகைச் சரியாக இறுக்காமல் விட்டால், அந்தத் தளர்ந்த இணைப்பே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். என் பார்வையில், மாணவர் முதலில் கற்க வேண்டியது இணைப்புக் கொடுப்பதை அல்ல; மெயினை அணைத்த பிறகும் சோதித்துப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளும் பழக்கத்தைத்தான்.

வாகனம் ஓட்டப் பழகுபவர் சாலைக்கு வருமுன் வெற்று மைதானத்தில் ஓட்டிப் பார்ப்பதைப் போல, மாணவர் மின்னிணைப்புத் தராத பயிற்சிப் பலகையில் தவறு செய்து திருத்திக்கொள்கிறார்.

பள்ளிச் சான்றிதழ் கிடைத்ததுமே தனியாக வேலை எடுத்துச் செய்யலாம் என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் பல நாடுகளில், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் தொழில் பழகி உரிமம் பெற்ற பிறகே அதற்கு அனுமதி உண்டு.