கைக்கூலி என்றால் என்ன? மனைவி அதைத் திருப்பிக் கேட்கலாமா?

இலங்கையின் 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, மணமகளின் பயனுக்காக மாப்பிள்ளையிடம் பெண் வீட்டார் கொடுக்கும் பணமும் அசையும் பொருளும்தான் கைக்கூலி. காணி, வீடு இதில் சேராது. வெளிநாடு போகிறவர் அயல்வீட்டில் நகையைப் பத்திரப்படுத்தக் கொடுப்பது போல: வைத்திருப்பவர் வேறு, உரியவர் வேறு. அதனால்தான் மனைவி காதியிடம் (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியிடம்) கேட்கலாம்.

சறுக்குவது சாட்சியத்தில். யாழ்ப்பாணம் சோனகதெருவில் நிக்காஹ் என்றாலும், மஹரை (மணமகளுக்கு மணமகன் கொடுப்பதை) விவாகப் பதிவில் எழுதும்போதே கைக்கூலித் தொகையையும் எழுதுவியுங்கள். 5 இலட்சத்தைக் கட்டாகக் கையில் கொடுக்காமல் மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டைப் பெண்ணிடமே கொடுங்கள். காதி முன்னிலையில் சட்டத்தரணி வாதாட முடியாது. அந்தத் துண்டுச்சீட்டுத்தான் பெண்ணுக்குத் துணை.

கைக்கூலியும் மஹரும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். மஹர், மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது.