கண்ணசந்தால் மேஜை மேல் நிற்கிறான்! – வாசகர் கேள்வி பதில்

நடக்கத் தொடங்கிய கையோடு ஏறவும் தொடங்கிவிட்ட குழந்தைகளைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் என்பதால், கொஞ்சம் கண்டிப்பாகவே சில விஷயங்களைச் சொல்லப்போகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

அக்கா, என் மகனுக்கு 17 மாதம். சென்னையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. சோபாவில் ஏறி, அதன் முதுகில் நின்று ஜன்னலைப் பிடித்துத் தொங்குகிறான். நேற்று பால் பொங்குகிறதே என்று அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நாற்காலி வழியாகச் சாப்பாட்டு மேஜை மேல் ஏறி நின்றுகொண்டு சிரிக்கிறான். சுவரில் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். ‘இரண்டு போடு போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் மாமியார். எனக்குத் தூக்கமே போய்விட்டது.
– ஒரு வாசகி, சென்னை

முதலில், அடிக்காதீர்கள் அம்மா. ஒன்றரை வயதில் கை காலுக்குப் பலம் வந்துவிடுகிறது, விழுந்தால் என்ன ஆகும் என்கிற கணக்கு இன்னும் வரவில்லை. அடித்தால் உங்கள் கண் முன்னால் ஏற மாட்டான், நீங்கள் அடுப்படிக்குப் போனதும் ஏறுவான். அது இன்னும் ஆபத்து. மாமியாரிடம் இதையே பக்குவமாகச் சொல்லுங்கள், பேரன் மேல் அவருக்கும் பயம் இருக்கும்தானே.

ஜன்னலையும் பால்கனியையும் மட்டும் இன்றைக்கே, இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். சோபாவை ஜன்னல் இல்லாத சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். கட்டிலும் அப்படித்தான். ஜன்னலில் கம்பி இருந்தால் இரண்டு கம்பிக்கு நடுவே 4 அங்குலத்துக்குக் குறைவாகத்தான் இடைவெளி இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் சின்ன உடம்பு நுழைந்துவிடும். கம்பி இல்லாமல் கொசு வலை மட்டும் அடித்திருந்தால், அது கொசுவுக்கு மட்டும்தான், சாய்ந்து நிற்கும் குழந்தையின் கனத்தை அது தாங்காது. பால்கனியில் புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையும் அதே கதைதான். பால்கனிக் கம்பிகள் குறுக்காக ஓடினால் அது அவனுக்கு ஏணி, உள்பக்கமாகப் பிடிமானம் இல்லாத தகடு ஒன்றை வைத்துக் கட்டுங்கள். பூந்தொட்டி, கவிழ்த்த பக்கெட், துணி காயப்போட ஏறும் ஸ்டூல், வாஷிங் மெஷின் எதுவும் கைப்பிடிச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் மேலே, உங்கள் தலை உயரத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க் நகரத்தில் குழந்தைகள் ஜன்னல் வழியாக விழுந்து விழுந்து, 1976இல் ஒரு விதியே கொண்டுவந்தார்கள். மூன்று வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில் 10 வயது வரை உள்ள குழந்தை குடியிருந்தால், ஜன்னலுக்குத் தடுப்புக் கம்பி பொருத்திக் கொடுப்பது உரிமையாளரின் பொறுப்பு. உங்கள் வீட்டுக்காரரிடம் சட்டம் பேச வேண்டாம், நேரில் கூட்டிக்கொண்டு வந்து அவன் தொங்குவதைக் காட்டுங்கள். ‘காலி செய்யும்போது ஓட்டையைப் பட்டி பார்த்து அடைத்து, பெயின்ட் அடித்துத் தருகிறோம்’ என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால், வேறு வீடு பார்க்கிற செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சுவரில் ஓட்டை போடுவது ஜன்னலுக்கு மட்டும் இல்லை, டிராயர் வைத்த அலமாரிக்கும் டிவிக்கும்தான். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். குழந்தை கீழ் டிராயரை இழுக்கும், அதில் ஒரு கால் வைக்கும், அடுத்த டிராயரை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழும்பும். இப்போது அலமாரியின் கனமும் குழந்தையின் கனமும் சேர்ந்து முன்பக்கம் வந்துவிட்டது, முழு அலமாரியும் அவன் மேலேயே சாயும். அமெரிக்காவில் இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகு, 2016இல் ஐகியா என்கிற மரச்சாமான் நிறுவனம் அங்கே 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. அதனால் உயரமான அலமாரி, புத்தக ஷெல்ஃப், பீரோ எல்லாவற்றையும் எல் வடிவக் கிளாம்ப் வைத்துச் சுவரோடு முடுக்குங்கள். அதுவரை கனமான சாமான்களைக் கீழ்த் தட்டில் அடுக்குங்கள், டிராயர்களுக்குப் பூட்டுப் போடுங்கள், டிவியைச் சுவரில் மாட்டுங்கள், இல்லையென்றால் சாயாத தாழ்வான பெஞ்சில், சுவரோடு ஒட்டி வையுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், பல வீடுகளில் பார்த்தது. அவன் கைக்கு எட்டக் கூடாது என்று செல்போனையும் ரிமோட்டையும் பிஸ்கட் டப்பாவையும் ஃப்ரிட்ஜ் மேலே வைப்போம். அவன் ஏறுவதே அதற்காகத்தான்! அவனுக்குப் பிடித்த எதையும் அவன் கண்ணில் படும் உயரத்தில் வைக்காதீர்கள், கதவு போட்ட அலமாரிக்குள் வையுங்கள். சாப்பாட்டு நாற்காலிகளைச் சாப்பிட்டு முடித்ததும் படுக்கப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றோடொன்று கயிற்றால் கட்டுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தால் இன்னும் கவனம், இழுத்துக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்வான். தரையில் ஸ்டூல் கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.

கடைசியாக, இறங்கக் கற்றுக்கொடுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். ஏறத் தெரிந்த குழந்தைக்கு இறங்கத் தெரியாது, தலையை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்கப் பார்க்கும், இந்த வயதில் தலைதான் கனம், அதனால் தலைகுப்புற விழும். கட்டிலில் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பைப் பிடித்து மெல்லக் கீழே நகர்த்துங்கள். காலை ஆட்டித் தரையைத் தேடுவான். பெருவிரல் தரையில் பட்டதும் ஒரு நொடி அப்படியே நிற்பான், பிறகு உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்த இடத்தில் கை தட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ‘திரும்பு, காலை விடு’ என்று அதே வார்த்தையைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்தால் சீக்கிரமே பழகிவிடும். ஏறுவதற்கென்று ஒரு இடமும் கொடுங்கள், பழைய இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டு, மேலே தலையணைகளைக் குவித்து, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் ஏறட்டும். மெத்தை ஜன்னலை விட்டு எட்ட இருக்கட்டும்.

தனி வீடு, உள்ளேயே மாடிப்படி. மகளுக்கு ஒன்றே கால் வயது. பேபி கேட் வாங்கலாம் என்று பார்த்தால் இரண்டு மூன்று விதம் இருக்கிறது. எதை வாங்குவது?
– ஒரு அப்பா, திருச்சி

படிக்கு மேலேயும் கீழேயும் இரண்டு கேட் வேண்டும் தம்பி. மேல் படிக்குத் திருகு போட்டுச் சுவரில் முடுக்குகிற வகை மட்டும்தான். இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கிற வகை தள்ளினால் கழன்று வந்துவிடலாம், அதோடு அதன் அடியில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும், இருட்டில் நீங்களே தடுக்கி விழுவீர்கள். கீழ்ப்படிக்கு அழுத்தி நிற்கிற வகை போதும். குறுக்குக் கம்பி வைத்த கேட் வாங்காதீர்கள், நேர்க் கம்பி வைத்தது வாங்குங்கள். மேல் கேட் படியின் பக்கம் திறக்கக் கூடாது, வராந்தா பக்கம்தான் திறக்க வேண்டும். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஆணியில் மாட்டாமல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் சக்கர வாக்கர் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். படியில் உருண்டு விழுவதில் அது மிகவும் மோசம். கனடாவில் 2004இலிருந்து வாக்கரை விற்கவே தடை.

சிலிண்டர் மேல் ஏறி, அங்கிருந்து சமையல் மேடைக்கு வந்துவிடுகிறான். பூஜை அலமாரியும் அடுப்படியிலேயே. ஒண்டுக் குடித்தனம், சமையலறைக்குக் கதவு கிடையாது. அவனைக் கட்டியா போட முடியும்?
– ஒரு வாசகி, மதுரை

கட்டிப் போட வேண்டாம் கண்ணு. கதவு இல்லாத இடத்துக்கும் கேட் போடலாம், அகலத்தை அளந்து தச்சரிடம் சொன்னால் மரத்திலேயே செய்து தருவார். கேட் வழியாக நீங்கள் அவன் கண்ணில் பட்டால் போதும், அழமாட்டான். சிலிண்டர் மேல் கால் வைக்க இடம் இல்லாதபடி அதை மேடைக்கு அடியில் தள்ளுங்கள், சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள், ஒவ்வொரு முறையும். குக்கர், மிக்ஸி, கெட்டில் இவற்றின் வயர் மேடை விளிம்பில் தொங்கக் கூடாது, பிடித்து இழுத்தால் கொதிக்கிறது மேலே வரும். வாணலிக் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

பூஜை அலமாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கற்பூரம் வெள்ளையாகக் கல்கண்டு மாதிரி இருக்கிறது, குழந்தை எடுத்து வாயில் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பு வரலாம். துணிகளுக்கு நடுவே போடும் பாச்சை உருண்டையும் விஷம். கற்பூர டப்பா, தீப்பெட்டி, விளக்கேற்றும் எண்ணெய், கொசுவிரட்டித் திரவம் எல்லாம் மேல் தட்டில், கொக்கி போட்ட கதவுக்குள். குத்துவிளக்கு கனம், சாய்ந்தால் தலையில்தான் விழும், ஏற்றிய நேரம் தவிர உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

வட்டப் பேட்டரிக்கு ஒரு வார்த்தை. பொம்மையிலும் சின்ன ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் மாதிரியான பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். என்ன விழுங்கியிருந்தாலும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108க்கு அழைத்துவிட்டு, டப்பாவையோ அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னும் ஒன்று, ஏறுகிற குழந்தைக்குக் கழுத்தில் தாயத்துக் கயிறோ சங்கிலியோ வேண்டாம். கொக்கியில் மாட்டிக்கொண்டு தொங்கினால் கழுத்து இறுகும். இடுப்புக்கு மாற்றிக் கட்டுங்கள்.

கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? தூங்க விடக் கூடாது என்கிறார்களே?
– ஒரு வாசகி, சேலம்

நினைவு தப்பினால், ஒன்றுக்கு மேல் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினால் எழாமல் சோர்ந்து கிடந்தால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால், உடனே. நெற்றியில் புடைப்பதை விட, காதுக்கு மேலே பக்கவாட்டிலோ பின்னந்தலையிலோ மெத்தென்று வீங்கினால் அதுதான் கவலை. 2 வயதுக்குள் இருக்கும் குழந்தை 3 அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்திருந்தால், நன்றாக விளையாடினாலும் ஒரு முறை காட்டிவிடுங்கள். இது எதுவும் இல்லாமல், அழுது ஓய்ந்து வழக்கம்போல இருந்தால், அது தூங்கும் நேரம் என்றால் தூங்கட்டும், நடுவில் ஒன்றிரண்டு தடவை எழுப்பி, முழித்துப் பார்க்கிறதா என்று பாருங்கள். வீக்கத்தைத் தேய்க்காதீர்கள், துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றினால் போதும்.

பொங்கலுக்கு மகளும் பேரனும் வருகிறார்கள். கிராமத்து வீடு, கிணறு, தொட்டி, பரண் எல்லாம் உண்டு. பேரன் குரங்கு மாதிரி ஏறுகிறானாம். என்ன ஏற்பாடு செய்வது?
– ஒரு தாத்தா, பட்டுக்கோட்டை

முன்கூட்டியே யோசித்தீர்களே ஐயா, நல்லது. முதலில் தண்ணீர். கிணற்றுக்குக் கம்பி வலை மூடி போட்டுப் பூட்டுங்கள், பக்கத்தில் கவிழ்த்த வாளியோ துவைக்கிற கல்லோ ஏறுபடியாக இருந்தால் வலை இல்லாமல் விடவே கூடாது. மாட்டுத் தொட்டியைப் பலகை போட்டு மூடி மேலே கல் வையுங்கள். குளியலறை அண்டா, பக்கெட் எல்லாம் ராத்திரி காலியாகக் கவிழ்ந்திருக்கட்டும். 2 அங்குலத் தண்ணீரே போதும் இந்த வயதுக்கு, தலைகுப்புற விழுந்தால் நிமிரத் தெரியாது, சத்தமும் போடாது. பரண் ஏணியைக் கழற்றி வெளியே படுக்கப் போடுங்கள். அறைக் கதவுகளில் கீழே இருக்கும் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் கதவை உடைக்க வேண்டி வரும். கதவின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்தால் அதுவும் சாத்தாது, விரலும் நசுங்காது.

நீங்களும் பாட்டியும் சாப்பிடும் மாத்திரைகளைத் தலையணைக்கு அடியிலோ ஜன்னலிலோ வைக்கும் பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று போதும், சின்னக் குழந்தைக்குச் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

அவர்கள் காரிலிருந்து இறங்கும் நேரத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெட்டி இறக்குவார், ஒருவர் காபி போடுவார், பக்கத்து வீட்டார் வந்து விசாரிப்பார்கள், பேரனை யாரோ வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெட்டியை நீங்கள் தொட வேண்டாம், அவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடமாவது விடும்போது ‘இனி நீ பார்’ என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகு கையை விடுங்கள்.