ஃபில்டர் வரைக்கும்தான் பைப் வேலை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, என்ஜின் இழுக்கும் காற்றைப் பற்றியவை. முதல் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுத வேண்டியிருப்பதால் வேறு விஷயங்களைக் கேட்ட கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் 2014-இல் வாங்கிய மஹிந்திரா பொலிரோ பிக்கப் இருக்கிறது. கல் உடைக்கும் கிரஷர்களுக்குத் தண்ணீர் கேனும் ஸ்பேரும் ஏற்றிப் போகிறேன். கொஞ்ச நாளாக ஏற்றத்தில் இழுவை குறைந்த மாதிரி தெரிகிறது. ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் மாட்டினால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்று ஒரு கடையில் 5,500 ரூபாய் கேட்கிறார்கள். என் மச்சான் பிளம்பர். "அதை நான் பிவிசி பைப்பில் செய்து தருகிறேன்" என்கிறான். செய்யலாமா?
— பிக்கப் வைத்திருக்கும் வாசகர், க.பரமத்தி, கரூர் மாவட்டம்

பதில்: தம்பி, மச்சானைக் கூப்பிடுங்கள், கடைக்காரரை விட்டுவிடுங்கள். ஆனால் மச்சான் எது வரைக்கும் கை வைக்கலாம் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் குழாயை மாற்றலாம். ஃபில்டர் பெட்டியையும் அதற்குப் பின்னால் என்ஜின் வரை போகும் குழாயையும் தொடக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், உங்கள் ஊர்க் காற்று அப்படி. நான் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை பார்த்தவன். கல்லைத் துளைத்த தூள் என்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டி 2,523 சிசி. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஏறக்குறைய 3,800 லிட்டர். நீங்கள் ஏற்றுகிற 20 லிட்டர் கேன் கணக்கில் நிமிடத்துக்கு 190 கேன் காற்று. டர்போ, அதாவது காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, திணிக்கும்போது இதற்கும் மேலே. அந்தக் காற்றில் மிதப்பது வீட்டுத் தூசி இல்லை, ஜல்லித் தூள். அதில் இருக்கும் குவார்ட்ஸ், சிலிண்டரின் உள்சுவரான லைனரின் வார்ப்பிரும்பைவிடக் கடினம். ஆயிலோடு கலந்துவிட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ரிங்கையும் லைனரையும் அறுத்துக்கொண்டே இருக்கும்.

கூம்பு ஃபில்டரில் சத்தம் கூடும், அது உண்மை. காற்றை இழுக்கும் "ஹுஸ்" சத்தம் கேபினுக்குள் கேட்டதும் வண்டி சீறுவது போலத் தோன்றும். ஆனால் அது பானெட்டுக்குள்ளே, ரேடியேட்டர் ஊதிவிடும் சூட்டிலே உட்கார்ந்திருக்கும். நம் ஊர் வெயிலில் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சுட்டால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். டர்போவில் சுட்ட காற்றை ஆற்றும் இன்டர்கூலர் அதில் ஒரு பங்கை ஈடுகட்டும், முழுவதையும் இல்லை. எண்ணெய் தடவிய துணி வகை என்றால் நுண்ணிய தூசியை நிறுத்துவதில் அது காகித ஃபில்டருக்கு ஈடாகாது. கிரஷர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நான் அதை ஒருநாளும் மாட்டித் தர மாட்டேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். டீசல் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுவது டீசல். காற்று பெரும்பாலும் தேவைக்கு மேலேயே இருக்கும். காற்றுப் பற்றாக்குறை என்றால் ஏற்றத்தில் பின்னால் கறுப்புப் புகை வர வேண்டும். வருகிறதா? வரவில்லை என்றால் இழுவைக் குறைவுக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், கிளட்ச் நழுவலாம், ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். கறுப்புப் புகை வந்தாலும் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பசை படிந்திருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அளந்து பார்த்துவிடலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் 3 மீட்டர் வாங்குங்கள். ஃபில்டர் பெட்டியில் தூசி விழும் பக்கத்தில், அதாவது காகிதத்துக்கு வெளிப்பக்கம், டியூப் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு ஒரு முனையை இறுக்கமாகச் செருகுங்கள். மறுமுனையைக் கேபினுக்குள் கொண்டுவந்து, ஒரு மரச்சட்டத்தில் 'ப'-வைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் நேராகக் கட்டினது போல இரண்டு கால் மேலே பார்க்க டியூப்பைக் கட்டுங்கள். காலுக்கு ஒரு முழ உயரம் இருக்கட்டும். பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். சுமையோடு செகண்ட் கியரில் ஏற்றம் ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு காலிலும் நீர்மட்டம் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கட்டும். ஓட்டுகிற நீங்கள் பார்க்காதீர்கள்.

பெரிய டர்போ டீசல்களில் ஃபில்டருக்குப் பின்பக்கம் 25 அங்குலம், அதாவது 63 சென்டிமீட்டர் விலகினால்தான் ஃபில்டரை மாற்றச் சொல்வது வழக்கம். அதோடு ஒப்பிட்டால் ஃபில்டருக்கு முன்னால் உள்ள வாய்க் குழாயில் 2, 3 சென்டிமீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான் காட்டுகிறது என்றால் துளையை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். 10 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் போனால் அந்தக் குழாய் நெரிக்கிறது என்று அர்த்தம். அப்போதும் முதலில் கழற்றி உள்ளே பாருங்கள். எலி தேங்காய் நாரையும் கந்தலையும் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்ததை நானே பலமுறை எடுத்திருக்கிறேன்.

எலியும் இல்லை, கந்தலும் இல்லை என்றாலோ, வாய்க்குப் பக்கத்தில் தூசி கடுமையாகப் படிந்திருந்தாலோ, மச்சான் வேலையை ஆரம்பிக்கலாம். சொல்லப்போனால் உங்களுக்கு இந்த வேலையைச் செய்ய இழுவையைவிட இந்தத் தூசிதான் பெரிய காரணம். தூசி அடர்த்தியாக இருப்பது சக்கர உயரத்தில். குழாயின் வாயைக் கேபின் கூரை உயரத்துக்குக் கொண்டுபோனாலே ஃபில்டருக்கு வரும் தூசி நன்றாகக் குறையும்.

பிவிசியில் 75 எம்எம் வேண்டாம், 90 எம்எம் எடுங்கள். உள்விட்டம் 70-லிருந்து 85-க்குப் போனால் அதே காற்றுக்குத் தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். திருப்பத்துக்குச் சின்ன எல்போ போடாமல் நீண்ட பெண்டு போடச் சொல்லுங்கள். அறுத்த இடத்தில் பிசிறை முழுக்கச் சீவி, குழாயைக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும். சொல்யூஷன் உள்பக்கம் வழிந்து கட்டி தட்டியிருந்தால் அதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஃபில்டர் பெட்டியோடு சேரும் இடத்தில் விறைப்பான பைப் கூடாது. ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் இறுக்குங்கள். வண்டி நடுங்குவதை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் பைப் உடையாது, பெட்டியின் கழுத்து உடையும். அதுதான் இன்னும் மோசம்.

பைப் போகும் வழி டர்போவுக்கும் சைலன்சர் குழாய்க்கும் தள்ளி இருக்கட்டும். 60 டிகிரிக்கு மேல் சாதாரண பிவிசி இளகத் தொடங்கும். டர்போவைத் தாண்டிய குழாயில் சுமை ஏறும்போது காற்றே 100 டிகிரியைக் கடந்துவிடும். அங்கே பிவிசி போடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வாய் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருக்க வேண்டும், மழை நேராக அடிக்காது. குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில் 5 எம்எம் துளை ஒன்று, உள்ளே போன தண்ணீர் சொட்டி வெளியேற. கூரை உயரத்தில் டிராக்டருக்கு மாட்டுகிற ப்ரீ கிளீனர் ஒன்றை வைத்தால் இன்னும் நல்லது. தெளிவான பிளாஸ்டிக் கிண்ணம் இருக்குமே, அதுதான். காற்றைச் சுழல விட்டு, கனமான தூசியை ஓரத்துக்குத் தள்ளிக் கிண்ணத்தில் விழச் செய்யும். சாயங்காலம் கழற்றித் தட்டும்போது எவ்வளவு தூள் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் சின்ன டிராக்டருடையது உங்களுக்குப் பற்றாது. அதன் என்ஜின் மெதுவாகச் சுற்றுவது, உங்களுடையது டர்போ. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டருடையதோ அறுவடை இயந்திரத்துடையதோ கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு அதே டியூப்பில் மறுபடி அளந்து பாருங்கள். முன்னைவிடக் கூடியிருந்தால் ப்ரீ கிளீனரை எடுத்துவிட்டு, மழை மறைப்பு மட்டும் வையுங்கள்.

குழாயைக் கேபினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்தில் ஏற்றுங்கள். பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறித்துக் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும் வண்டி உங்களுடையது. பைப் வாங்குவதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள். அந்த வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சாரைப் பெரிதும் நம்பித்தான் புகைக் கட்டுப்பாடு ஓடுகிறது. வாரண்டியும் போய்விடும்.

ஃபில்டருக்குப் பின்னால் தொடாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு வண்டி காரணம். பதினைந்து வருஷம் இருக்கும். ரிக் வண்டிக்குச் சாமான் ஏற்றும் ஒரு பிக்கப் என் பட்டறைக்கு வந்தது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸில் விரல் நீளத்துக்குக் கிழிசல். புது ஹோஸ் வர இரண்டு நாள் ஆகும், அவருக்கோ அன்றைக்கே ஆந்திரா பக்கம் போக வேண்டும். இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றி, "வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினேன். அவர் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. நாலு மாதம் கழித்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. டர்போவின் விசிறி இதழ்களின் விளிம்பு எலி கடித்த மாதிரி தேய்ந்திருந்தது. லைனர், பிஸ்டன், ரிங், டர்போ எல்லாம் புதிது. நான் கூலி வாங்கவில்லை. ஆனாலும் சாமானுக்கே 42,000 ரூபாய் ஆனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் மனசுக்கு அது இன்றும் ஆறவில்லை.

அதனால் உங்கள் பைப் வேலை முடிந்து ஒரு மாதம் ஓடியதும் ஒன்று செய்யுங்கள். ஃபில்டரைக் கழற்றி, பெட்டியின் சுத்தமான பக்கத்திலும் அதற்குப் பின்னால் உள்ள குழாயின் உள்சுவரிலும் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாக வர வேண்டும். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் ஒட்டினாலும் வண்டியை எடுக்காதீர்கள். பெட்டி மூடியின் ரப்பர், கிளிப்புகள், ஹோஸ் மூன்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகு கிளம்புங்கள்.

கேள்வி: பஞ்சர் கடையில் ஏர் பிடித்து ஃபில்டரைச் சுத்தம் செய்கிறேன். வாரம் ஒருமுறை செய்வது நல்லதுதானே?
— செங்கல் சூளை வைத்திருக்கும் வாசகி, ஆத்தூர்

பதில்: வாரம் ஒருமுறை வேண்டாம் அம்மா. ஃபில்டரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்தில் விழ வாய்ப்பு இருக்கிறது. பஞ்சர் கடை அழுத்தத்தைப் பக்கத்தில் வைத்து அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். காகிதத்தில் ஓரளவு தூசி படிந்த ஃபில்டர், புது ஃபில்டரைவிட நன்றாகவே வடிகட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயம் ஊத வேண்டும் என்றால் 30 பிஎஸ்ஐக்குக் கீழே குறைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். அப்புறம் இருட்டான அறையில் ஃபில்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது ஊசிமுனை போல வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். ஒரே ஃபில்டரை இரண்டு முறைக்கு மேல் ஊதி ஓட்டாதீர்கள்.

கேள்வி: குழாயை உயர்த்திவிட்டால் வெள்ளத்தில் ஓட்டலாமா?
— வாசகர், முடிச்சூர்

பதில்: 2015 டிசம்பரில் உங்கள் பகுதியில் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து கெட்டவை பல. காற்றை 17, 18 மடங்கு அழுத்தும் டீசல் என்ஜினுக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். உயர்த்திய குழாய் அதைத் தடுக்கும், ஒவ்வொரு இணைப்பும் நீர் புகாமல் இருந்தால் மட்டும். மேலே சொன்ன 5 எம்எம் வடிகால் துளை இருக்கும் குழாய் இதற்கு உதவாது, தண்ணீருக்குள் அது வழியாகவே உறிஞ்சும். ஆல்டர்னேட்டர், கியர் பாக்ஸ், பின் ஆக்சிலின் பிரீதர் (காற்றுத் துவாரம்) எல்லாம் கீழேதான் இருக்கின்றன. தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தாண்டினால் வண்டியை மேட்டிலே நிறுத்திவிடுங்கள். உள்ளே மாட்டி என்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாமல் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுக்க ஆள் கூப்பிடுங்கள்.